பனிக்குள் பஸ்ஸுக்குக் காசு போடலாமா?

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு பொய் சொல்ல வசதியாக இருக்கும்.

இந்தக் கதை ஒரு பனியனிலிருந்து பிறந்தது. நான்கு வருடத்துக்கு முன் ஒரு வீடியோ கேமுக்குக் காசு போட்டேன். அப்போது கேம் இல்லை. இனிமேல்தான் செய்யப் போகிறார்கள், செய்வதற்குத்தான் காசு கேட்கிறார்கள். முன்பின் தெரியாத ஆயிரம் பேர் இணையத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால், செய்து முடித்து எல்லோருக்கும் அனுப்புவார்களாம். கேம் வரவில்லை. பனியன் வந்தது. அதுவும் பிள்ளைகள் சைஸ்.

நான் வியாபாரிகளுக்கு நடுவே வளர்ந்தவன். எங்கள் வீட்டார் ஒரு பலாக்காய் வாங்கினாலும் தட்டிப் பார்த்து, முகம் சுளித்து, நாலடி நடந்து, விற்பவர் கூப்பிடும்வரை திரும்பிப் பார்க்காமல் நின்று வாங்குவார்கள். அந்த வீட்டுப் பிள்ளை இல்லாத சரக்குக்கு முன்காசு கொடுத்தான் என்று தெரிந்தால் மாத்தளை பஜாரில் தலைகாட்ட முடியாது. ஆகவே அந்தப் பழியை இன்னொருவர் தலையில் இறக்கி வைக்க ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. கதை எழுதுகிறவர்களுக்கு உள்ள ஒரே சலுகை இதுதான்.

2

பாத்திரத்தின் பெயர் ஸஜ்ஜாத். கண்டிக்கும் மாத்தளைக்கும் இடையே துணி வியாபாரம் செய்யும் இவன்—

வேண்டாம். மூன்று பக்கம் எழுதிப் பார்த்தேன். ஸஜ்ஜாத் என்னைப் போலவே இருந்தான், தொப்பை உட்பட. கிழித்துவிட்டேன்.

பெயர் ஜெஸ்லா. வயது இருபத்தொன்பது. பலாபத்வலயில், ஏ-நைன் ரோட்டோரம், அவளுடைய வாப்பாவுக்கு ஒரு வாசனைச் சரக்குக் கடை இருக்கிறது: மிளகு, கராம்பு, கறுவா, சாதிக்காய். வாப்பா தோட்டம் தோட்டமாகப் போய்ச் சரக்குப் பிடிப்பார். கடையில் விற்பது அக்கா மஸீனா, வீட்டு வழக்கில் ராத்தா. கம்ப்யூட்டர் வேலை ஜெஸ்லாவுக்கு.

அதே கம்ப்யூட்டரில் அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ‘போடலாமா?’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு; மாத்தளை, அக்குறணை, உக்குவளை, கலேவெல என்று நாற்பத்திமூன்று பேர். காசு கேட்டு ஒரு புதுக் கேம் வந்தால் அதைக் குழுவில் போட்டுவிட்டு ஜெஸ்லாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் ஆராய்ந்துவிட்டுக் குரல் செய்தி ஒன்று அனுப்புவாள். “போடுங்க” அல்லது “போடாதீங்க”. காரணம் சொல்வதில்லை. காரணம் சொல்கிற வியாபாரியிடம் யார் சரக்கு வாங்குவார்கள்?

உங்களுக்கு மட்டும் காரணம் சொல்கிறேன். அவள் கேமை மிளகாகப் பார்க்கிறாள்.

மூட்டையின் வாயை அவிழ்த்தால் மிளகு கறுப்பாய், கனமாய், ஒரே அளவாய்த்தான் இருக்கும். மேலே நல்லதை வைக்கத் தெரியாதவன் மிளகு விற்க வருவதேயில்லை. அதற்குத்தான் குத்தூசி: மூட்டையின் வயிற்றில் குத்தினால் நடுச்சரக்கு அதன் குழலுக்குள் வந்து விழும். கேமின் முன்னோட்டப் படம் மூட்டையின் வாய். ஜெஸ்லா அதைத் திறப்பதே இல்லை. யாராவது உட்கார்ந்து நிஜமாக விளையாடுகிற வீடியோவைத் தேடுவாள். அதில் எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பாள். வெட்டிய இடத்தில் ஏதோ உடைந்திருக்கும்.

அடுத்தது தண்ணீர். ஒரு பிடி மிளகைத் தண்ணீரில் போட்டால் உள்ளீடில்லாத பொக்கு மிதக்கும். காசு கேட்பவர் இதற்குமுன் எதையாவது, எவ்வளவு சின்னதானாலும், செய்து முடித்திருக்கிறாரா? வெறும் யோசனையோடு வந்தவர்கள் நிறையப் பேர் மிதந்திருக்கிறார்கள்.

கடைசியாகப் பேரம். கேமைச் செய்கிறவரை நேரே பிடித்து, விலையைக் குறை, அதைச் சேர், இதைச் சேர் என்று நெருக்குவாள். நல்ல சரக்கு வைத்திருப்பவன் முறைப்பான். கேட்டவுடன் இறங்குகிறவனின் மூட்டையில் பூச்சி. இது வாப்பா சொல்லித் தந்ததல்ல, அந்த ரோட்டில் எல்லோருக்கும் பால்குடியிலிருந்தே தெரிந்தது.

இவ்வளவு இருந்தும் ஒரு முறை சறுக்கினாள்.*

* ‘கடல்நாகம்’ என்ற கேம். தயாரித்தவர்கள் எந்த நாடு என்பது கூட இப்போது தெளிவில்லை. ஜெஸ்லா “போடுங்க” என்றாள். இருபத்தாறு பேர் போட்டார்கள். இரண்டு வருடமாக ‘சிறு தாமதம்’ என்ற தகவல் வருகிறது, ஒவ்வொரு முறையும் தயாரிப்பாளரின் பூனைப் படத்தோடு. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் ஸஹன் தட்டில், எதிரே இருந்த பெண் இறைச்சித் துண்டைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்: “ஜெஸ்லா, ஒங்கட நாகம் எங்க வருது? பேராதனை தாண்டிருச்சா?” அன்று ஜெஸ்லா வட்டிலப்பம் சாப்பிடாமல் எழுந்தாள். இன்னொரு முறை வாக்குத் தவறினால் குழு கலைந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும்; அதைவிட, அடுத்த கல்யாணத்துக்கு எப்படிப் போவது?

3

இப்போது கேம்.

‘பனிக்குள் பஸ்’. ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறுகிற ஒரு பஸ். நீங்கள்தான் டிரைவர். கண்ணாடிக்கு முன்னால் பனி. வைப்பருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. பின்னாலிருக்கும் பயணிகள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்துவார்கள்: “வளைவு!” “மாடு!” “சீமெந்து லொறி!” சிலர் உண்மை சொல்வார்கள். சிலர் தூக்கக் கலக்கத்தில் உளறுவார்கள். ஒருவர், தான் இறங்க வேண்டிய இடத்தில் பஸ்ஸை நிறுத்துவதற்காகவே பொய் சொல்வார். யார் குரலை நம்பி ஸ்டியரிங்கை ஒடிப்பது என்பதுதான் விளையாட்டு.

செய்தவன் ஆரூரன், மாத்தளை டவுன், வயது இருபத்தாறு. அம்மா தவமணிதேவி கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காசு சேர்க்கிற தளத்தில் இங்கிருந்து கணக்குத் திறப்பது கஷ்டம் என்பதால் ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மா மகன் பேரில் போட்டிருந்தான். குறித்த நாளுக்குள் குறித்த தொகை முழுதாகச் சேராவிட்டால் ஒரு சதமும் கைக்கு வராது. நூற்றுக்கு எண்பத்தெட்டில் நின்றது. ஞாயிறு மாலை ஐந்து மணியோடு கதவு மூடும்.

ஜெஸ்லா குத்தூசியை எடுத்தாள். பதினொரு நிமிட வீடியோ, ஓரிடத்திலும் வெட்டில்லை. பஸ் இரண்டு முறை பள்ளத்தில் விழுந்தது. அதையும் அப்படியே விட்டிருந்தான். தண்ணீரில் போட்டாள். மழை வருவதற்குள் கொடியில் காயும் உடுப்பெல்லாம் எடுத்து முடிக்கிற ஒரு சின்ன கேமை முன்பே செய்து வெளியிட்டிருந்தான். மிதக்கவில்லை, தாழ்ந்தது. பேரம் மட்டும் பாக்கி. செவ்வாய்க்கிழமை பகல், கராம்பு மூட்டைமேல் உட்கார்ந்து போன் போட்டாள்.

4

“தம்பி, நான் ஜெஸ்லா. எங்க குரூப்ல நாப்பத்திமூணு பேர் இருக்காங்க. ஒங்க கேமைப் பாத்தேன்.”

“நன்றி அக்கா.”

“நன்றி பொறகு செல்லலாம்.* இருவது டொலர் யாருக்குத் தாங்கும்? நம்ம நாட்டு ஆக்களுக்குப் பாதியாக்குங்க.”

“ஓம் அக்கா, ஆக்கலாம்.”

ஜெஸ்லா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தாள். கால் மணி நேரத்துக்கு வாதம் தயார் பண்ணி வைத்திருந்தாள். அத்தனையும் வீண்.

“பயணிகள் சிங்களமும் பேசணும்.”

“பேசலாம் அக்கா.”

“ரிவர்ஸ்டனுக்கு மட்டும் ஓடினா எப்படி? எங்ககிட்ட கலேவெலக்காரங்க ஏழு பேர் இருக்காங்க. பஸ் கலேவெலக்கும் போகணும்.”

“கலேவெலயில பனி இல்லையே அக்கா. வெறும் வயலும் வெயிலும்தானே.”

முறைக்கிறான்! ஜெஸ்லா மூட்டைமேல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சரி, போடலாம் அக்கா. வெயில் ஒண்ணு செஞ்சிடுவோம்.”

மூட்டை கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த மஸீனா, போனை வைத்ததும் திரும்பினாள். “கேட்ட கையோட எறங்கினானா?”

“மூணு தரம்.”

“அப்ப உள்ளுக்குப் பூச்சி. இதுக்கு என்ன யோசனை?”

யோசனை இல்லைதான். “பனிக்குள் பஸ், போடாதீங்க” என்று பதிவு செய்து வைத்தாள். அனுப்பவில்லை. கடைசி நாள், கடைசி மணிவரை எந்தத் தீர்ப்பையும் அவள் அனுப்புவதில்லை. சந்தை கலைகிற நேரத்தில், விற்பவரின் கால் கடுக்கத் தொடங்கிய பிறகுதான் சரக்கின் நிஜ விலை வெளியே வரும்.

 * எங்கள் வீடுகளில் ‘சொல்’ அரைவாசி நேரம் ‘செல்’ ஆகிவிடும். அச்சுக்கூடத்தார் திருத்த வேண்டாம்.

5

இந்த இடத்தில் ஒரு தகராறு. ஜெஸ்லாவின் தீர்ப்புத் தப்பு என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. தெரிய வைக்க வேண்டுமென்றால் ஆரூரன் கடைக்கு வர வேண்டும். எப்படி வருவான்?

‘அன்று பலாபத்வலயில் அடைமழை. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஆரூரன் ஒதுங்க இடம் தேடி—’ மழைக்கு ஒதுங்கியவர்களால் நிரம்பி வழிகின்றன நம் கதைகள். இன்னொருவனுக்கு இடமில்லை.

‘விதி அவனை அந்தக் கடை வாசலுக்கு—’ விதிக்கு வேறு வேலை இல்லையா?

நகலை ரவூபிடம் கொடுத்தேன். மாத்தளையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிற கூட்டாளி. நான் எழுதுவதைக் காசில்லாமல் படிக்கும் ஒரே ஆள். அந்த உரிமையில் ஒவ்வொரு முறையும் ஏதாவது கேட்பான். “ஒரு கல்யாண வீடு இருந்தா நல்லா இருக்குமே” என்றான். அந்த ஸஹன் அவனுக்காக வைத்தது. “முப்பத்திரண்டு வயசு கூட” என்றான். ஜெஸ்லாவுக்கு மூன்று வயது குறைத்தேன். “பொண்ணுக்கும் பொடியனுக்கும் ஒரு இது இருக்கட்டுமே” என்றான். “பார்க்கலாம்” என்றேன். எங்கள் பஜாரில் ‘பார்க்கலாம்’ என்றால் இல்லையென்று பொருள். ரவூபுக்குத் தெரியும். வாசகர்கள் ஏமாறாதீர்கள்.

வழி சொன்னதும் ரவூப்தான். “பஸ் கேம் செய்றவன் பஸ்ஸில போவான்தானே?”

அட.

6

ஞாயிறு மாலை மூன்றே முக்கால். எண்பத்தெட்டு நகரவில்லை. காலையிலிருந்து அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்த மகனைத் தவமணிதேவி வீட்டைவிட்டு விரட்டினார். போகிற போக்கில் மிளகும் வாங்கி வரச் சொன்னார். ஆரூரன் தம்புள்ளை பஸ்ஸில் ஏறினான். எங்கும் போவதற்கல்ல, பிரேக் சத்தம் பதிவு பண்ணுவதற்கு. பலாபத்வலயில் இறங்கினான், திரும்பிப் போகிற பஸ்ஸின் சத்தம் பிடிக்க. எதிரே மிளகுக் கடை.

உள்ளே கம்ப்யூட்டர் முன்னாலிருந்த ஜெஸ்லாவுக்கு அவன் முகம் வீடியோவில் பார்த்துப் பழகியது. அவனுக்கு அவள் குரல் மட்டும் தெரியும். வாயை மூடிக்கொண்டாள்.

“மிளகு கால் கிலோ என்ன விலை?”

மஸீனா ஒரு விலை சொன்னாள். அது விலையல்ல. வெள்ளைக்காரர்கள் பஸ்ஸோடு வந்து இறங்கும்போது சொல்வது. வெள்ளைக்காரர்களே அதில் பாதிதான் கொடுப்பார்கள். சொல்லிவிட்டு, அவன் சிரித்துத் திட்டப்போவதை எதிர்பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

ஆரூரன் காசை எடுத்து நீட்டினான்.

மஸீனா வாங்கவில்லை. வியாபாரத்துக்கு நின்ற பன்னிரண்டு வருடத்தில் அப்படி ஒன்றை அவள் கண்டதில்லை. மெல்ல உள்ளே நகர்ந்து தங்கையின் காதில், “அல்லாஹ்வே, வெலைக்கட்டுப்பாட்டு ஆளு போல இருக்கே. மாட்டிட்டோம்” என்றாள்.

“இல்ல ராத்தா.” ஜெஸ்லா எழுந்து வெளியே வந்தாள். “தம்பி, சொன்ன வெலைய அப்படியே குடுக்கிறீங்களே, கொறைக்கச் சொல்ல மாட்டீங்களா?”

அந்தக் குரலைக் கேட்டதும் அவன் திகைத்துப் போனான். “ஜெஸ்லா அக்காவா?”

“கேட்டதுக்குப் பதில்.”

“எங்க வீட்டுல அப்படிப் பேசுறதில்ல அக்கா. அம்மா சொல்லுவாங்க, ஒருத்தர் ஒண்ணு சொன்னா, சரின்னு எடு. இல்லாட்டி பேசாம வந்துரு. இழுபறிப்படுறது அவங்களை அவமதிக்கிற மாதிரின்னு.”

ஜெஸ்லா மஸீனாவைப் பார்த்தாள். மஸீனா கூரையைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை மூன்று தரம் இறங்கியது பூச்சியால் அல்ல, மரியாதையால். பேரம் தெரியாத ஒருவனைப் பேரத்தால் அளந்து, ஒரு நல்ல மூட்டையைக் கழித்துவைத்திருந்தாள். இது எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு; நானும் இரண்டொரு மனிதர்களை இப்படிக் கழித்திருக்கிறேன்.

மஸீனா பாதிக் காசைத் திருப்பிக் கொடுத்தாள். அவன் வாங்க மறுத்தான். ஐந்து நிமிடம் மன்றாடினாள். வாடிக்கையாளனைக் குறைவாகக் கொடுக்கும்படி கெஞ்ச வேண்டி வந்ததில் அவளுக்கு அழுகை வரும்போலிருந்தது. கடைசியில் ஒரு கட்டுக் கறுவாவை அவன் பைக்குள் திணித்துத்தான் மனம் ஆறினாள்.

7

இத்தோடு முடித்திருக்கலாம். ஜெஸ்லா பழைய பதிவை அழிக்கிறாள், “போடுங்க” என்கிறாள், சுபம். ரவூப் கைதட்டியிருப்பான்.

ஆனால் அவளுடைய விரல் அதற்குள் வேறொரு பக்கத்தைத் திறந்துவிட்டது. பேரம் தெரியாதவன் தன்னிடம் மட்டுமா ‘ஓம்’ சொல்லியிருப்பான்? கேமின் பக்கத்தில் காசு போட்டவர்களின் கருத்துகள் நீளமாய்க் கிடந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஆரூரனின் பதில்.

“தம்பி, இது என்ன, குதிரை?”

“ஒருத்தர் கேட்டார் அக்கா.”

“பஸ்ஸுக்குள்ளயா?”

“முன்னால ஓடும்.”

“இந்த யாழ்ப்பாண ரயில்?”

“அது ரொறன்ரோ அண்ணாட கூட்டாளிமார் கேட்டது.”

“சமைக்கிறது?”

“டிரைவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடணும்னு ஒரு அக்கா ஆசைப்பட்டாங்க.”

மஸீனாவுக்குத் தாங்கவில்லை. “இவனுக்கு வாயில ‘ஏலாது’ன்னு ஒரு சொல்லே இல்லையா? மவனே, நான் ஒரு கடைப் பொம்பளை. ஒரு நாளைக்கு நூறு தரம் ஏலாதுன்னு செல்லித்தான் இந்தக் கடை நிக்குது!”

ஜெஸ்லா எண்ணினாள். பத்தொன்பது வாக்குறுதி. ‘கடல்நாகம்’ மூழ்கியதும் களவால் அல்ல என்று இப்போது அவளுக்குப் பட்டது. அந்தப் பூனைக்காரனும் எல்லோருக்கும் சரி சொல்லியிருப்பான். சொன்னதெல்லாம் கழுத்தில் ஏறியதும் பூனையைப் படம் பிடிப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாமல் போயிருக்கும். சரக்கு நல்லது. ஆளும் நல்லவன். ஆனால் இவனிடம் காசைக் கொடுத்தால் குதிரையும் ரயிலும் சோறும் செய்துகொண்டே கிழவனாகிவிடுவான். நாற்பத்திமூன்று பேரும் அவளைத்தான் பிடிப்பார்கள்.

“இது சேராட்டி என்ன செய்வீங்க?”

“நாளைக்கு கலேவெல பிரதேச செயலகத்துல ஜொயின் பண்ணணும். வேலைக் கடிதம் வந்து ஆறு மாசம். இனியும் தள்ள மாட்டாங்க.” சிரிக்கப் பார்த்தான். “அங்க பனியும் இல்ல.”

நாலு ஐம்பது. ஜெஸ்லா போனைத் தராசுப் பக்கம் வைத்தாள். செவ்வாய்க்கிழமைப் பதிவோடு, “போடுங்க” என்று இன்னொன்றும் இப்போது தயாராக இருந்தது. ஒன்றைத் தொட்டால் போதும்.

“தம்பி, கடைசியா ஒண்ணு. நாப்பத்திமூணு பேரும் இப்பவே போடுவாங்க. ஒங்க கேம் சேரும். ஒரே ஒரு மாத்தம் செய்யணும்.”

“சொல்லுங்க அக்கா.”

“அந்தப் பனிய எடுத்துருங்க. ரோடு தெரியட்டும். தெரிஞ்சா ஓட்ட லேசு, எல்லாருக்கும் பிடிக்கும்.”

மஸீனா வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே பிரேக் பிடித்து ஒரு பஸ் நின்றது. பதிவு பண்ண வேண்டிய பஸ். அவன் திரும்பவில்லை.

8

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன். குத்திப் பாருங்கள்.

அ) “அது ஏலாது அக்கா” என்கிறான். அவள் “போடுங்க” அனுப்புகிறாள். ரவூபுக்கு வேண்டியது இதுதான். மூட்டையின் வாயில் வைக்க ஏற்றது. இவ்வளவு ஒழுங்காக வந்து உட்கார்வதால் எனக்குச் சந்தேகம்.

ஆ) “ஓம் அக்கா, எடுக்கலாம்” என்கிறான். அவள் “போடாதீங்க” அனுப்புகிறாள். நன்றி சொல்லிவிட்டு மிளகுப் பையோடு மாத்தளை பஸ்ஸில் ஏறுகிறான். கலேவெலயில் இருபது வருடம் நல்ல அதிகாரியாக இருக்கிறான். கையெழுத்துக்கு வருகிறவர்களை அலைய விடுவதில்லை. இதை எழுதிவிட்டு அன்றைக்கு மேற்கொண்டு எழுதாமல் எழுந்துவிட்டேன்.

இ) “ஓம்” என்கிறான், அவள் “போடுங்க” என்கிறாள். அடுத்த நாளிலிருந்து அந்தப் பக்கத்தில் ஜெஸ்லா பதில் எழுதுகிறாள்: குதிரை ஏலாது. ரயில் ஏலாது. ஊட்டுல போய்ச் சாப்பிட்டுக்கங்க. மஸீனா எழுதியிருந்தால் இப்படித்தான் முடித்திருப்பாள். இனிப்பாக இருக்கிறது. ஆனால் ஜெஸ்லாவுக்கும் ‘ஓம்’ சொல்கிறவன்தானே அவன்? அவள் ஒரு நாள் தப்பாக ஒன்று கேட்டால் யார் மறுப்பது?

நாலு ஐம்பத்திரண்டு. ஆரூரன் வாயைத் திறந்தான்.

அவன் சொன்னது எனக்குத் தெரியும். ரவூபிடம் சொல்லவில்லை, நேற்று முழுக்கக் கடையில் வைத்து நச்சரித்தான், பிளேன்டீ வாங்கித் தந்தான், கோபித்துக்கொண்டும் பார்த்தான். அவன் கேட்டு நான் தலையாட்டியவை இந்தக் கதைக்குள் ஏற்கெனவே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. இன்னும் ஒன்றை ஏற்றினால் மேடு ஏறாது.

ஜெஸ்லாவுக்கு எட்டு நிமிடம் இருக்கிறது. உங்களிடம் இருப்பதெல்லாம் அவளிடமும் இருக்கிறது: வெட்டாத பதினொரு நிமிடம், பத்தொன்பது வாக்குறுதி, எதிரே ஒரு முகம். அதை வைத்து நீங்களே சொல்லுங்கள், போடலாமா, வேண்டாமா? அவன் என்ன சொன்னான் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

கேட்டுவிட்டீர்கள்.

ஏலாது.